நீர்த்தேக்கத்தின் ஆற்றல்: எந்த உயரத்தைப் போடுவது?

பாறைமுகடு:
நீர்மின் அணையில் தேங்கியிருக்கும் ஆற்றலைக் கணக்கிட நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் போதும். 1 கோடி கன மீட்டர் நீர், டர்பைனுக்கு மேலே 100 மீட்டரில் நீர்மட்டம் என்றால் 27.25 லட்சம் யூனிட். இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

தேன்சிட்டு:
அந்த 100 மீட்டர்தான் சிக்கலே. எல்லா நீரும் மேல்மட்டத்திலா நிற்கிறது? ஆழம் 40 மீட்டர், சுவர்கள் செங்குத்து என்று வையுங்கள். பாதி நீர் 80 மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. அதனால் சராசரி உயரம் 80, விடை 21.8 லட்சம். உங்கள் விடையில் ஐந்தில் ஒரு பங்கு இல்லாத ஆற்றல்.

அடிமதகு:
நீர் மேலிருந்தா போகிறது? குழாயின் வாய் அடியில், 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்துதானே இறங்குகிறது! 60-ஐத்தான் போட வேண்டும்.

தேன்சிட்டு:
அழுத்தத்தை விட்டுவிட்டீர்களே. வாயில் நுழையும் நீரின் தலைமேல் 40 மீட்டர் நீர் நிற்கிறது. கிட்டத்தட்ட 4 வளிமண்டல அழுத்தம், அதுவும் சேர்ந்துதான் டர்பைனைத் தள்ளுகிறது. அடியில் ஒரு கன மீட்டர் போனால் இறங்குவது மேல்மட்டம். ஆகவே மேலிருந்து ஒரு கன மீட்டரை அள்ளியதற்கும் இதற்கும் கணக்கில் வேறுபாடு இல்லை. மட்டம் இறங்க இறங்கக் கிடைப்பது குறையும்: முதல் கன மீட்டருக்கு 0.27 யூனிட், கடைசிக்கு 0.16.

பாறைமுகடு:
சரி, எந்த அணைக்குச் செங்குத்துச் சுவர் இருக்கிறது? பள்ளத்தாக்கு மேலே விரிந்து கீழே ஒடுங்கும். பெரும்பகுதி நீர் மேலேதான். என் 100-தான் உண்மைக்குக் கிட்டே வரும்.

தேன்சிட்டு:
முழுக்க வராது. வெட்டுமுகம் முக்கோணமாக இருந்தால் ஈர்ப்பு மையம் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில், அதாவது மட்டத்துக்கு 13.3 மீட்டர் கீழே. 86.7-ஐப் போட்டால் 23.6 லட்சம். உண்மையான அணை என்றால், ஒவ்வொரு மட்டத்திலும் நீர்ப்பரப்பு எவ்வளவு என்று பார்த்து அடுக்கடுக்காகக் கூட்டுங்கள். ஒரே உயரத்தைப் போட்டு முடிக்கப் பார்க்காதீர்கள்.

அடிமதகு:
அடுக்கைக் கூட்டுகிறீர்கள், எங்கே நிறுத்துவீர்கள்? மட்டம் வாயை நெருங்கினால் நீர் சுழித்துக்கொண்டு குழாய்க்குள் காற்றை இழுக்கும். அதற்கு முன்பே அடைத்தாக வேண்டும். கடைசிச் சில மீட்டர் நீரும், வாய்க்குக் கீழே வண்டலோடு கிடக்கும் நீரும் கணக்கில் ஆற்றல், கம்பியில் ஒன்றுமில்லை. மிச்சத்திலும் குழாய் உராய்வு, டர்பைன், ஜெனரேட்டர் என்று பத்தில் ஒரு பங்காவது கழியும். 23.6-உம் அதிகம்தான்.