பொருள்: தொழிலாளி விட்டுத்தருவதற்குப் பெயர் ‘சலுகை’யா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறன்று சேலத்தில் தொழிற்சங்க ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பாடம், அமெரிக்காவின் யுஎஸ் ஏர்வேஸ் விமான நிறுவனம் 2002 ஆகஸ்டில், கடன்காரர்களிடமிருந்து காக்கும்படி நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரிய வரலாறு. சம்பளத்தையும் பணி விதிகளையும் குறைத்துக்கொள்ளச் சங்கங்கள் தனித்தனியே வாக்களித்தன. அலபாமா மாநில ஓய்வூதிய நிதியம் 24 கோடி டாலர் முதலீடு செய்தது. 2003 மார்ச் கடைசியில் நிறுவனம் திவாலிலிருந்து வெளிவந்தது.

சங்கங்கள் இப்படி விட்டுத்தருவதை ஆங்கிலத்தில் ‘concession’ என்பார்கள். அதைத் தமிழாக்கி, கையேட்டில் ‘சலுகை வாக்கெடுப்பு’ என்று எழுதியிருந்தேன். இரும்பாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, “நிர்வாகம் என்ன சலுகை கொடுத்தது?” என்று கேட்டார். பொருள் தலைகீழாகிவிட்டது. புதன் காலை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல் தாருங்கள்.

ஓமலூரிலிருந்து:

‘சம்பளக் குறைப்பு’ போதும் ஐயா. எல்லாருக்கும் புரியும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

போதாது. விமானிகளின் ஓய்வூதியத் திட்டமே 2003இல் முடிக்கப்பட்டது. அது சம்பளத்தில் அடங்காது. மேலும், குறைப்பு நிர்வாகம் தானாகவே செய்வது. இதுவோ வாக்குப் போட்டு ஒப்புக்கொண்டது. அந்த வேறுபாடுதான் வகுப்பின் உயிர்.

அம்மாபேட்டையிலிருந்து:

எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அதில் ‘சலுகெ’ என்றால் நெருக்கத்தால் எடுத்துக்கொள்ளும் உரிமை. தமிழிலும் பெரியவர் சிறியவருக்குக் காட்டுவதுதான் சலுகை. பஸ் கட்டணச் சலுகையும் மேலிருந்து கீழே வருவதே. பெரியவர் கேட்டது சரி. ‘விட்டுக்கொடுப்பு’ என்று போடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

நாற்பதாண்டு இலக்கணம் கற்பித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றல்ல. கேட்பவர் தாழ்ந்தவரானால் ‘ஈ’, ஒத்தவரானால் ‘தா’, உயர்ந்தவரானால் ‘கொடு’ என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. ‘விட்டுக்கொடுப்பு’ என்றால் கேட்கும் நிர்வாகத்தை உயர்ந்த இடத்தில் அமர்த்திவிடுகிறீர்கள். பேச்சுவார்த்தை மேசையில் இரு தரப்பும் சமம் அல்லவா? ஆகவே ‘விட்டுத்தருகை’.

இன்னொன்று. ‘ஈதல் இசைபட வாழ்தல்’ குறளில் வரும் ‘ஊதியம்’ சம்பளம் அன்று, பயன். ஆதாயத்தைக் குறித்த சொல் கூலிக்குப் பெயராகி, இன்று ‘ஊதிய இழப்பு’ என்று எழுதும் நிலைக்கு வந்திருக்கிறது. இதைத் தனி இழையில் விரிவாக எழுதுவேன்.

ஓமலூரிலிருந்து:

அம்மா, உங்கள் இலக்கணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘விட்டுத்தருகை’ என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கமலாபுரம் விமான நிலையத்தில் சுமை ஏற்றும் பையன் அந்த வகுப்புக்கு வந்தால், சொல்லைப் பார்த்து மலைத்துவிடுவான்.

ஏற்காட்டிலிருந்து:

ஒருநாள் மலைப்பான், மறுநாள் பழகுவான். பேருந்தும் பழகித்தானே வந்தது? ஓட்டுநரும் நடத்துநரும் இன்று எல்லாருடைய வாயிலும் இருக்கிறார்கள்.

அம்மாபேட்டையிலிருந்து:

அம்மா, சமம் என்கிறீர்கள். ஒப்பாவிட்டால் நிறுவனத்தையே மூடிவிடுவோம் என்கிற இடத்தில் எங்கே சமம்? முதலீடு செய்தவரைப் பாருங்கள்: அந்த நிதியமே ஆசிரியர்கள், அரசு ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பு. ஒரு தொழிலாளியின் ஓய்வூதியப் பணம் உள்ளே வந்தபோது, இன்னொருவரின் ஓய்வூதியத் திட்டம் முடிந்தது. மேலே இருந்தவர் கேட்டார், கீழே இருந்தவர் கொடுத்தார். நீங்கள் காட்டிய இலக்கணப்படியே ‘கொடு’தான் உண்மையைச் சொல்கிறது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

இது என் மனத்தைத் தைத்தது. ‘விட்டுக்கொடுப்பு வாக்கெடுப்பு’ வாயில் தடுக்குகிறது. ‘விட்டுக்கொடுத்தல் மீதான வாக்கெடுப்பு’ என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஐவர் தனிமடலில் சரி என்றார்கள். நேரமும் இல்லை.

ஏற்காட்டிலிருந்து:

அச்சேறியதை மாற்றச் சொல்லவில்லை. மேசையில் சமம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சங்கம் எழுதும் கையேடு சங்கத்தின் குரலில் பேச வேண்டும். கேட்டவரின் குரலில் அல்ல. அடுத்த பதிப்பில் ஓர் அடைப்புக்குறிக்குள்ளாவது ‘விட்டுத்தருகை’ இருக்கட்டும்.