பத்தொன்பது அங்குலம் என்று சொன்னேன், அப்படியே செய்துவிட்டார்

தங்கச்சிமடத்திலிருந்து:

மைக் செட் தொழிலில், ஆம்ப்ளிபயர், மிக்சர் எல்லாம் அடுக்கி மாட்டும் ரேக்குக்காக மட்டும் இரண்டு முறை காசைக் கடலில் போட்டவன் நான்.

முதல் முறை வெல்டிங் பட்டறையில். கடை ரேக் விலை கட்டுப்படியாகாமல், "19 அங்குலம் அகலம் வேணும்ணே" என்று ஆங்கிள் இரும்பில் செய்யச் சொன்னேன். அவரும் சொல் தவறாமல் உள்பக்க இடைவெளியையே 19 அங்குலம் வைத்துவிட்டார். ஆம்ப்ளிபயரைத் தூக்கி வைத்தால், காது (திருகி மாட்டும் ஓரத் தகடு) மாட்ட இடமில்லாமல் நேராக உள்ளே போய்விட்டது! 19 அங்குலம் என்பது இரண்டு காதுகளையும் சேர்த்த முகப்புத் தகட்டின் அகலம். சட்டங்களுக்கு நடுவே 450 மி.மீ. சொச்சம்தான் வேண்டும். திருத்தி வாங்கினேன், இப்போது துளைகள் சரியில்லை. 1யூ, அதாவது ரேக்கில் ஒரு அடுக்கின் உயரம், 44.45 மி.மீ., அதற்குள் மூன்று துளை, இடைவெளி 15.9, 15.9, 12.7 என்று மாறி மாறி வரும். அவர் எல்லாவற்றையும் சமமாகப் போட்டிருந்தார். மிக்சர் உட்கார்ந்தது, அதற்குக் கீழே எதுவும் உட்காரவில்லை. அப்புறம் துளையிட்ட சட்டத்தை மட்டும் கடையில் வாங்கி, கூட்டை அவரிடமே செய்துகொண்டேன்.

இரண்டாவது, ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அங்கே வைத்த ரேக்குக்குக் கண்ணாடிக் கதவு, மேலே காற்றை வெளியே தள்ளும் இரண்டு விசிறி, பார்க்க அம்சமாக இருந்தது. ஆடிக் காற்று தொடங்கியதும் ஆம்ப்ளிபயர் பாதி நிகழ்ச்சியில் சூடாகி நின்றுவிடும். பின்பக்கம் திறந்தால் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது, பிளக் முனையெல்லாம் பச்சை. மேலே விசிறி காற்றை இழுக்க இழுக்க, கீழே உள்ள ஒவ்வொரு சந்து வழியாகவும் உப்புக் காற்று வடிகட்டாமல் உள்ளே வந்திருக்கிறது. பெட்டி மூடியிருந்ததால் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

விசிறியைக் கீழே மாற்றி, வடிகட்டித் துணி வைத்து, காற்றை உள்ளே தள்ளும்படி திருப்பினேன். உள்ளே அழுத்தம் கூடினால் சந்துகள் வழியாகக் காற்று வெளியேதான் போகும். ரேக்கையும் கடல் பார்த்த சுவரிலிருந்து உள்ளறைக்கு நகர்த்தினேன். துணியை மாதம் ஒரு முறை கழுவ வேண்டும். மறந்தால் பழைய கதைதான்.

நிகழ்ச்சி இல்லாத நாளில் உள்ளே ஒரு ஜீரோ வாட் குண்டு பல்பு எரியவிடுவேன். பெயர்தான் ஜீரோ, 15 வாட் வரை இழுக்கும். உள்ளே ஈரம் சேராமல் இருக்க அந்தச் சூடு போதும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் படிந்த உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கசியும். நம் ஊர் ராத்திரியில் அது சாதாரணம்.

ரேக்கோடு வரும் திருகாணிகள் துத்தநாகப் பூச்சு, இங்கே சீக்கிரமே சிவந்துவிடும். படகுச் சாமான் கடையில் 316 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகில் ஒரு ரகம்) கேட்டு வாங்குங்கள். சாதாரண ரகமான 304-லும் கடலோரத்தில் டீக்கறை போலப் படியும். எஸ்.எஸ். ஆணியை எஸ்.எஸ். நட்டில் காய்ந்தபடி முறுக்கினால் கடித்துக்கொள்ளும், கிரீஸ் தொட்டுப் போடுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, எனக்கு இரைச்சல்தான் பாடம். அரங்கின் ஒரு மூலையில் ப்ரொஜெக்டர், மறு மூலையில் ரேக், இரண்டுக்கும் வேறு வேறு பிளக். ஒலி ஒயரை இணைத்ததும் இரண்டு பிளக்கின் எர்த்தும் அது வழியே சுற்றாகச் சேர்ந்து, 'கொர்'ரென்று ஒரே முனகல். எர்த் முள்ளை வெட்டிவிடு என்று ஒருவர் யோசனை சொன்னார். ஈரக் கையோடு மைக் பிடிக்கும் ஊரில் அதைச் செய்யவே கூடாது. ரேக்கிலிருந்தே ப்ரொஜெக்டருக்கும் கரண்ட் இழுத்தேன். மீதி இரைச்சலுக்கு ஒலி ஒயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (இரு பக்க ஒயரையும் நேரடியாகத் தொடவிடாமல் ஒலியை மட்டும் கடத்துவது) போட்டேன். நின்றது.

தேவிபட்டினத்திலிருந்து:

நான் ஆம்ப்ளிபயரை மேல் தட்டில் வைத்து லோடு ஆட்டோவில் ஏற்றியவன். முதல் வளைவிலேயே ரேக் சாய்ந்தது. பழைய டிரான்ஸ்பார்மர் ஆம்ப்ளிபயர், நல்ல கனம். முன் காது இரண்டும் வளைந்து போயின. இப்போது கனமானது அடித்தட்டில், பின்பக்கமும் தாங்கு சட்டம் உண்டு.

தங்கச்சிமடத்திலிருந்து:

தம்பி, காதை வைஸில் இறுக்கி நிமிர்த்தலாம், தூக்கிப் போட்டுவிடாதே. அந்தப் பட்டறை அண்ணன் இப்போது 450 மி.மீ. சரியாக வைக்கிறார், வேண்டுமானால் தாங்கு சட்டத்துக்கும் கேட்டுச் சொல்கிறேன்.