வண்ணம் பூசியும் மறையாத பள்ளம்

இயந்திரப் பராமரிப்பு, பணி ஓய்வு

எந்த அணுமின் நிலையம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் மாதம் தவறாமல் வருகிறது, அது நிலைக்கட்டும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் குழு வருகிறது என்று சுற்றறிக்கை வந்துவிட்டால் எங்கள் கட்டடத்துக்குக் கல்யாணக் களை வந்துவிடும். கைப்பிடிகளுக்கு மஞ்சள், தரைக்குச் சாம்பல், வால்வுகளுக்குப் புதுப் பெயர்ப்பட்டை. அந்த முறை என் பொறுப்பில் இருந்தது டீசல் ஜெனரேட்டர் அறை. உலையை நிறுத்தினாலும் எரிபொருளில் வெப்பம் ஊறிக்கொண்டே இருக்கும். வெளி மின்சாரமும் இல்லாத நேரத்தில் அதைக் குளிர்விக்கும் பம்புகளுக்கு டீசல்தான் கதி. அதனால் அவ்வப்போது ஓட்டிப் பார்த்து, எத்தனை விநாடியில் வேகம் பிடித்தது என்று பதிவேட்டில் எழுதுவோம். பதிவேடு பளிச்சென்று இருந்தது. எனக்குப் பயமே இல்லை.

இரண்டு ஜெனரேட்டர் அறைகளுக்கும் நடுவே ஒரு தீத்தடுப்புக் கதவு. ஒன்றில் பிடித்த தீ மற்றதற்குத் தாவக் கூடாது, இரண்டும் சேர்ந்து போனால் மாற்று ஏற்பாடு என்ற பேச்சுக்கே பொருளில்லை. கதவு தானாக மூடிக்கொள்ளும். எண்ணெய் வாளியைத் தூக்கிக்கொண்டு நாளைக்கு நாற்பது தடவை போய்வருகிறவனுக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று கதவை வடிவமைத்தவருக்குத் தெரியாது. கதவைத் திறந்தபடியே நிறுத்திவைக்க எங்கள் தச்சர் வேப்பங்கட்டையில் ஓர் ஆப்பு செதுக்கிக் கொடுத்திருந்தார். ஆய்வு நாள் காலையில் அதை உருவிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வந்த ஆய்வாளருக்கு என் மகள் வயது இருக்கும். பதிவேட்டைப் புரட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து விட்டார், அழகாக மூடிக்கொண்டது. பிறகு குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். புதுச் சாம்பல் வண்ணத்துக்கு அடியில், கட்டைவிரல் அகலத்தில் ஒரு பள்ளம். வருடக்கணக்காக ஆப்பு உரசி உரசி விழுந்த தடம். பூச்சு அதை மறைக்கவில்லை, பளபளப்பில் இன்னும் எடுப்பாகக் காட்டிக்கொடுத்தது.

"இங்கே என்ன வைப்பீர்கள் சார்?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆப்பு தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "நன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள்" என்றார். சிரிக்கவில்லை.

கடைசி நாள் கூட்டத்தில் என் பெயர் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. குறை பதிவானது. கூடவே, இந்தக் கதவு வழியாக நாளைக்கு எத்தனை முறை போகவேண்டியிருக்கிறது, ஏன் என்று நிர்வாகத்திடம் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. சில மாதம் கழித்துக் கதவுக்குக் காந்தப் பிடிப்பு வந்தது. தீ மணி அடித்தால் தானே விடுவித்துக்கொள்ளும்.

ஒப்பந்தத் தொழிலாளி, வேறொரு நிலையம்

ஐயா, உங்களுக்குத் தரை காட்டிக்கொடுத்தது, எனக்குப் பலகை. உலையில் பயன்படும் கனநீரைக் கையாளும் பகுதியில் துப்புரவு வேலை. கனநீரில் இருக்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் ஆவியாக மூச்சிலும் தோலிலும் ஏறிவிடும், கதிர்வீச்சை அளக்க நெஞ்சில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜுக்கு அது தெரியாது. அதனால் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுப்போம். வெள்ளைப் புட்டியில் நம் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

நுழைவில் இருந்த பலகையைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று ஆய்வாளர் கேட்டார். மஞ்சளில் மூன்று இதழ் போட்ட கதிர்வீச்சுக் குறி என்றால் காலணி மாற்று, தொடாதே; அது எனக்குத் தெரியும். கீழே இருந்த வரிகள் இந்தியும் ஆங்கிலமும். மேற்பார்வையாளர் முந்திக்கொண்டு, "அவனுக்குத் தெரியும் சார்" என்றார். "நான் அவரைக் கேட்டேன்" என்றார் ஆய்வாளர்.

பிறகு ஒரு பணியாளரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்: இந்த வருடம் உங்கள் உடம்பு வாங்கிய கதிர்வீச்சு அளவு எவ்வளவு? ஐந்து வருடத்துக்கு 100 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்ற விதியே அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. என் எண் அலுவலகத்தில் இருந்தது, என்னிடம் இல்லை. மிகக் குறைவான எண்தான். ஆனாலும் என் உடம்பின் கணக்கை நான் கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

கல்பாக்கம் நகரியத்தில் வளர்ந்தவர்

எங்கள் வீட்டில் ஆய்வு என்றால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகான நாட்கள்தான். கடல்நீர் அணுமின் நிலையத்தின் பம்ப் கட்டடத்துக்குள் புகுந்தது. முதல் அலகு, அதாவது முதல் உலை, ஏற்கெனவே குழாய் மாற்றும் வேலைக்காக நின்றிருந்தது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். நகரியத்தில் இழவு விழுந்த வீடுகள் பல. அப்பா வீட்டுக்கு வந்ததே எப்போது என்று நினைவில்லை. வாரியம் அனுமதித்து, 2005 ஜனவரி 2 அன்று உலை மீண்டும் இயங்கியது. அவ்வளவு சீக்கிரமா என்று அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் தூங்கிவிட்டார்.

அது போகட்டும். முதலில் எழுதிய ஐயாவுக்கு ஒரு கேள்வி: அந்த ஆப்பைத் திருப்பிக் கொடுத்தார்களா?

இயந்திரப் பராமரிப்பு, பணி ஓய்வு

இல்லை தம்பி. படம் எடுத்துக்கொண்டு, ஆப்பை மேலாளர் மேசையில் வைத்துவிட்டுப் போனார். தச்சர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.