பட்டா நிலத்துப் பாறை கட்டடக் கல்லுக்குத் தகுமா? ஆலோசனை தேவை

நிலவியல் அறிந்தோருக்கும் கல்குவாரி அனுபவம் உள்ளோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே எங்கள் பட்டா நிலத்தில் ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குப் பாறை வெளித்தெரிகிறது. இளஞ்சிவப்பும் சாம்பலும் வரிவரியாகக் கலந்த, நைஸ் (gneiss) என்னும் உருமாறிய பாறை வகை. இப்பகுதியிலிருந்து ‘பாரடைசோ’ என்னும் பெயரில் ஏற்றுமதியாகும் கல்லைப் போல இருப்பதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நிறத்தை மட்டும் நம்பிப் பணம் போட எனக்கு மனமில்லை.

என் கவலையெல்லாம் வெடிப்புகளைப் பற்றியது. கிழக்கே அவை இரண்டு மீட்டருக்கும் கூடுதலான இடைவெளியில் ஓட, மேற்கே அரை மீட்டருக்குள் நெருங்கி ஒன்றையொன்று வெட்டுவதால், அங்கே பெரிய பாளங்கள் கிடைக்காமல் அடித்தளக் கல்லும் ஜல்லியும்தான் மிஞ்சும் என்று நினைக்கிறேன். மேலே காணும் இடைவெளி ஆழத்திலும் நீடிக்குமா என்பதை அறிய, எவ்வளவு ஆழத்துக்கு, எந்தக் கோணத்தில் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும்? செங்குத்தாக மட்டும் துளைத்தால் செங்குத்து வெடிப்புகள் தப்பிவிடும் அல்லவா?

சில இடங்களில் துருக்கறையும் தெரிகிறது. அது பைரைட் என்னும் இரும்பு, கந்தகக் கனிம மணிகளால் வந்ததென்றால் மெருகேற்றிய பின்னும் கறை பரவக்கூடும் என்பதால், அதை உறுதிசெய்யும் வழியையும் கூறுங்கள்.

கிரானைட்டின் (வணிகத்தில் நைஸும் இதில் அடங்கும்) நீர் உறிஞ்சல் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஏஎஸ்டிஎம் சி615 என்னும் அமெரிக்கத் தரம். ஐஎஸ் 1124 என்னும் இந்தியத் தர முறையில் இதைச் சோதிக்கும் ஆய்வகம் ஓசூர், தருமபுரி, சேலம் பக்கம் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். உரிமம் பற்றி மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்வேன்.