பாட்டிய வச்சு எடுத்த ஆவணப்படம், விழாவுக்கு அனுப்புறது எப்படி?

தட்டோன்_பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ரங்கூன்ல இருக்கேன், கல்யாண வீடியோ எடுக்குறது தொழில். லீவு கிடைக்கும்போதெல்லாம் ஊருக்குப் போய் எங்க பாட்டிய எடுத்துட்டு வரேன். 1964ல பர்மாவ ஆண்ட ராணுவத் தளபதி நே வின்னோட அரசாங்கம் கடைகளையெல்லாம் தேசியமயம் பண்ணப்ப எங்க தாத்தாவோட அரிசிக்கடையும் போச்சு, அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாதுன்னு அறிவிச்சாங்க, சொந்தக்காரங்க பாதிப்பேர் கப்பலேறி மெட்ராஸ் போயிட்டாங்க, பாட்டி மட்டும் போகமாட்டேன்னு இங்கயே இருந்துட்டாங்க. அதுதான் படம்.

படத்துல ஒரு இடம். பாட்டி வெத்தலைப் பெட்டியோட அடித்தட்டத் தூக்கி, நாலா மடிச்ச 100 கியாட் நோட்டு ஒண்ண எடுத்து முழங்கால் மேல வச்சு உள்ளங்கையால நீவி நீவி விடுறாங்க, ஒரு வார்த்தை பேசல, அப்படியே ரொம்ப நேரம் போகுது. மச்சான் பார்த்துட்டு இங்க வயலின் போடு, தமிழங்க பர்மாவுக்கு எப்ப வந்தாங்க, நே வின் யாருன்னு பின்னணிக் குரல்ல விளக்கு, இல்லேன்னா வெளிநாட்டுக்காரனுக்குப் புரியாதுங்கறான். எனக்கு அதுல கை வைக்க மனசே வரல. யூடியூப்ல முதல்ல போட்டுட்டு அப்புறம் விழாவுக்கு அனுப்பலாமா? பாட்டி தமிழும் பர்மியும் கலந்துதான் பேசுவாங்க, சப்டைட்டில் எப்படிப் போடுறது?

மோல்மேன்_செல்வி:
தம்பி, அந்த இடத்தத் தொடாத. வயலின் போட்டேன்னா பார்க்குறவன் பாட்டி கைய விட்டுட்டு பாட்டு பக்கம் போயிடுவான். நோட்டு செல்லாமப் போன கதைய பாட்டி வேற எங்கயாவது சொல்லியிருப்பாங்க இல்ல, அத முன்னாடி கொண்டு வந்து வை, அப்புறம் அந்தப் பெட்டி திறக்கும்போது யாரும் எதையும் விளக்க வேண்டியதில்ல. ஆரம்பத்துல 1962 ராணுவ ஆட்சி, 1964 கடை பறிமுதல்னு ரெண்டு மூணு வரி எழுத்துல காட்டு, போதும்.

எனக்கு கவலை சத்தத்தப் பத்திதான். கரண்ட் போய் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓடுற நேரத்துல எடுத்தியா? படம் கொஞ்சம் இருட்டா இருந்தாக்கூட பொறுத்துக்குவாங்க, பேச்சு கேக்கலேன்னா தேர்வுக்குழு பாதியிலயே நிறுத்திடும். அடுத்த தடவை போனா ஃபேன நிறுத்தி, எல்லாரையும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லி அந்த அறையோட வெறும் சத்தத்த மட்டும் தனியா ரெக்கார்ட் பண்ணிக்கோ, எடிட்ல வெட்டு விழுற இடத்தயெல்லாம் மூட அது வேணும். சப்டைட்டில் எஸ்ஆர்டி ஃபைலா, அதாவது எந்த வரி எந்த நேரத்துல வரணும்னு எழுதி வைக்குற எழுத்து ஃபைலா, தனியா வச்சுக்கோ, படத்துமேல ஒட்டிடாத, ஒவ்வொரு விழாவும் ஒவ்வொரு மொழியில கேப்பாங்க.

ரீல்_ராசா:
யூடியூப்ல போடாதீங்க அண்ணே. பெரிய விழாக்கள் நிறைய, படம் இதுக்கு முன்னாடி பொதுவுல வந்திருக்கக் கூடாதுன்னு கேக்குது, ஒரு தடவை போட்டுட்டா அந்தக் கதவெல்லாம் சாத்திடும். ஜப்பான்ல யமகதா ஆவணப்பட விழா 1989லருந்து நடக்குது, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அக்டோபர்ல, ஆசியாவோட புது ஆவணப்பட இயக்குநர்களுக்குன்னே அங்க தனிப் பிரிவு இருக்கு, உங்க படத்துக்கு அதுதான் முதல்னு நான் சொல்வேன். ஆம்ஸ்டர்டாம்ல இட்ஃபாங்குற ஆவணப்பட விழா நவம்பர்ல, போட்டி ரொம்பக் கடுமை. திருவனந்தபுரத்துல கேரளா அரசு நடத்துற ஆவணப்பட, குறும்பட விழாவும் நல்ல இடம், நம்ம பேச்சு அங்க பாதிப்பேருக்காவது காதுல ஏறும். ஆஸ்கர் விதிப்படி 40 நிமிஷம் வரைக்கும்தான் குறும்படம், நீளத்த முடிவு பண்ணிட்டு விண்ணப்பம் போடுங்க. மாசாமாசம் விருது குடுக்குறோம்னு ஆன்லைன்ல கட்டணம் வாங்குற விழாக்கள் நிறைய இருக்கு, படத்த தியேட்டர்ல ஓட்டுறதே கிடையாது, மெயில்ல ஒரு சர்டிபிகேட் வரும் அவ்வளவுதான், அங்க ஒரு கியாட் கூடக் கட்டாதீங்க.

பெகு_மாமா:
செல்வி சொல்றதுல எனக்குப் பாதிதான் சம்மதம். வெளிநாட்டுக்காரன விடுங்க, நம்ம பிள்ளைங்களுக்கே எதுவும் தெரியாது. 1941 டிசம்பர் 23ல ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான், அதுக்கப்புறம் லட்சக்கணக்குல நம்ம ஆளுங்க காட்டு வழியா இந்தியாவுக்கு நடந்தாங்க, எத்தன பேர் வழியிலயே காலராவுலயும் மலேரியாவுலயும் செத்தாங்க. அது இல்லாம 1964 மட்டும் காட்டுனா நம்ம கதை எப்படி முழுசாகும்? குரல் குடுத்து எல்லாத்தையும் சொல்லிடுப்பா.

மோல்மேன்_செல்வி:
மாமா, நீங்க சொல்ற, இந்தியாவுக்கு நடந்து போன கதை தனியா ஒரு படத்துக்கு உண்டானது, அதப் பார்த்தவங்க இருக்கும்போதே யாராவது எடுத்தாகணும், நீங்களே கேமரா முன்னாடி உக்காந்தா நான் வரேன். இந்தப் படம் ஒரு பாட்டி ஏன் போகலங்குறது. தம்பி வேணும்னா கோயில் மண்டபத்துல போட்டுக்காட்ட விளக்கத்தோட ஒரு நீளமான பதிப்பு தனியா பண்ணட்டும்.

எல்லை_தாண்டியவன்:
யாரும் இதச் சொல்லல, அதான் எழுதறேன். இப்ப நாட்டுல கேமரா தூக்குறதே ஆபத்து. ஆவணப்பட இயக்குநர் ஷின் டேவேய 2023 அக்டோபர்ல ரங்கூன்ல பிடிச்சாங்க, கையில இருந்தது ஆன்லைன்ல வாங்குன ஒரு ட்ரோன், 2024 ஜனவரில ஆயுள் தண்டனை குடுத்தாங்க. அதனால மேலருந்து ஊரக் காட்டணும்னு ஆசைப்பட்டு ட்ரோன் பக்கம் போயிடாத தம்பி. 2022ல பெர்லின் விழாவுல ஆவணப்பட விருது வாங்குன மியான்மர் டைரீஸ் படத்துல இயக்குநருங்க பேரே கிடையாது, ஒரு கூட்டுப் பேர்லதான் வந்துச்சு. உன் படம் 64ப் பத்தினதுதான், ஆனா ராணுவம் கடையப் பிடுங்குன கதை இன்னிக்கும் அவங்களுக்குப் பிடிக்காத கதைதான். வீட்டுக் கதவு, தெரு போர்டு, பக்கத்து வீட்டுக்காரங்க முகம் எல்லாத்தையும் ஒரு தடவை ஃப்ரேம் ஃப்ரேமா பாரு. எடுத்ததோட ஒரு நகல் நாட்டுக்கு வெளிய இருக்கட்டும், செக்போஸ்ட் தாண்டும்போது போன்ல எதுவும் வச்சிருக்காத. முக்கியமா பாட்டிகிட்ட, இத ஊர் பேர் தெரியாதவங்க எல்லாம் பார்ப்பாங்கன்னு தெளிவா சொல்லி சம்மதம் வாங்கு.

தட்டோன்_பேரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பாட்டிக்கு சம்மதம்தான், நல்ல சேலையா கட்டிக்கிட்டு உக்காருறேன்னாங்க. ஆனா ரெண்டு இடத்துல சித்தி குறுக்க வராங்க, அவங்களுக்கு முகம் தெரியுறது பிடிக்கல, மங்கலாக்கிடலாமா?

மோல்மேன்_செல்வி:
மங்கலாக்குனா அந்த வீட்ல என்னமோ நடக்குதுன்னு தோணும். சித்தி வர ஷாட்ட வெட்டிடு, குரல் வேணும்னா பாட்டி கை மேல போடு, அதுக்கும் சித்திகிட்ட கேட்டுட்டுப் போடு. முதல் கட் முடிஞ்சதும் பாஸ்வேர்டு போட்டு லிங்க் அனுப்பு, சத்தத்த நான் பார்த்துத் தரேன்.