3000 ஆர்.பி.எம்.மில் ‘ஹூம்’ சத்தம்: பழைய பெட்ரோல் காரில் ஏர் இன்டேக் சத்தத்தைக் குறைப்பது எப்படி?

பின்சீட்:
2006 மாடல் ஹாட்ச்பேக். 1.1 லிட்டர், நாலு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் போகிற வகை). 1.3 லட்சம் கி.மீ. ஓடிய வண்டி. மூணாவது கியரில் ஆக்சிலேட்டரை நல்லா அழுத்தினால் 2700–3300 ஆர்.பி.எம்.முக்கு நடுவில் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து பானைக்குள் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்தால் அதே வேகத்தில் அடங்கிவிடுகிறது. ஏர் ஃபில்டர் புதுசு, சைலன்சரில் ஓட்டை இல்லை. ஒரு தடவை முன் பம்பரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பானெட்டுக்கு அடியில் ஃபோம் ஷீட் ஒட்டவா, ஏர் பாக்ஸை எடுத்துவிட்டு கோன் ஃபில்டர் (திறந்த கூம்பு ஃபில்டர்) போடவா?

ஸ்பேனர்10:
ரெண்டும் வேண்டாம் சார். நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை காற்றை இழுக்கும். 3000 ஆர்.பி.எம். என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று. அதை 60ஆல் வகுத்து ரெண்டால் பெருக்கினால் 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 தடவை. உங்களுக்குக் கேட்கிற ‘ஹூம்’ அதுதான். அந்த ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். 10 மி.மீ. ஃபோம் அதை ஒன்றும் செய்யாது. டேப்பெட் சத்தம், இன்ஜெக்டர் ‘டிக் டிக்’ மாதிரி உயர்ந்த சுருதிச் சத்தங்களைத்தான் குறைக்கும்.

கோன் ஃபில்டர் போட்டால் நிலைமை மோசமாகும். ஏர் பாக்ஸ் வெறும் ஃபில்டர் டப்பா இல்லை, இன்டேக்குக்கு அதுதான் சைலன்சர். அதைக் கழற்றினால் சத்தம் அப்படியே வெளியே வரும், கூடவே என்ஜின் ரூமின் சூடான காற்றையும் இழுக்கும்.

பம்பர் கழற்றியதுதான் எனக்கு உறுத்துகிறது. நிறைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குக் கீழே அல்லது ஃபெண்டருக்குள் ஒரு காலி பிளாஸ்டிக் டப்பா, அதாவது ரெசொனேட்டர் இருக்கும். ‘உள்ளே ஒன்றுமே இல்லையே’ என்று அதைத் திருப்பி மாட்டாமல் விட்டுவிடுவார்கள். டப்பாவை இன்டேக் குழாயோடு இணைக்கும் கழுத்துக் குழாயில் இருக்கிற காற்று எடை மாதிரி, டப்பாவுக்குள் இருக்கிற காற்று ஸ்பிரிங் மாதிரி. ரெண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஹெர்ட்ஸில் எதிராக ஆடி அந்தச் சத்தத்தை விழுங்கும். ஏர் பாக்ஸுக்கு முன்னால் போகிற குழாயில் காலியான ஓட்டையோ, துணி அடைத்த ஓட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

கார்ப்கிளீனர்:
அதற்கு முன்னால் இன்டேக்கில் காற்று லீக் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் இங்கே உதவாது. காற்று வெளியே வந்தால்தான் குமிழி வரும். இங்கே உள்ளேதான் இழுக்கும்.

த்ராட்டிலுக்கு (ஆக்சிலேட்டரை அழுத்தினால் திறக்கிற காற்று வால்வு) பிறகு (மேனிஃபோல்ட் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங், பிரேக் பூஸ்டர் ஹோஸ், என்ஜினின் ஆயில் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பி.சி.வி. ஹோஸ்): என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலில் விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கார்ப் கிளீனரைச் சின்னதாக ஒரு தட்டு. ஆர்.பி.எம். மாறினால் லீக் அங்கேதான். அது தீப்பிடிக்கிற சரக்கு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், பிளக் ஒயர் பக்கம் அடிக்கவே கூடாது.

த்ராட்டிலுக்கு முன்னால் வாக்குவம் அநேகமாக இல்லை, அதனால் ஸ்பிரே காட்டிக்கொடுக்காது. ஏர் பாக்ஸிலிருந்து த்ராட்டிலுக்கு வரும் மடிப்பு ரப்பர் ஹோஸைக் கழற்றி, மடிப்பை விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பக்க மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். மாட்டிய நிலையில் தெரியவே தெரியாது. டேப் சுற்றாதீர்கள், சூட்டில் பசை இளகிவிடும். ஃபில்டருக்குப் பிறகு வருகிற வெடிப்பு என்பதால் தூசி நேரே சிலிண்டருக்குப் போகும். புது ஹோஸ்தான் வழி.

சவுண்ட்கோவை:
ஏர் பாக்ஸுக்குள் ஸ்பாஞ்சு ஒட்டினால் வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு?

ஸ்பேனர்10:
@சவுண்ட்கோவை முடியாது. பிரீதர் ஹோஸ் வழியாக வரும் ஆயில் ஆவியிலும் சூட்டிலும் ஸ்பாஞ்சு பொடியும். ஃபில்டருக்குப் பின்பக்கம் ஒட்டினால் பொடி த்ராட்டிலுக்குள் போகும். ஏர் பாக்ஸின் சுவரே அதிர்ந்தால் வெளிப்பக்கம் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் ஒட்டலாம்.

அதைவிட முக்கியம் ஏர் பாக்ஸின் பிடிப்பு. மூடி கிளிப் எல்லாம் இறுகுகிறதா, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா, டப்பாவைத் தாங்கும் ரப்பர் புஷ் கல் மாதிரி இறுகிப்போயிருக்கிறதா? புஷ் இறுகினால் அதிர்வு பாடிக்கு ஏறும். அப்புறம் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் ஃபயர்வாலை (என்ஜின் ரூமுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகடு) தாண்டுகிற இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டையை மூடும் வளையம்) கிழிந்திருந்தால், டாஷ்போர்டுக்குப் பின்னால் கேட்கிற சத்தத்தில் பாதி அந்த வழியாக வரலாம்.

பின்சீட்:
ஹோஸ் நன்றாக இருக்கிறது. ஆனால் ஏர் பாக்ஸுக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் ஸ்நார்கல் குழாயின் நடுவில் 25 மி.மீ. ஓட்டை, உள்ளே துணி! ரெசொனேட்டர் டப்பா இல்லை. கிடைக்காவிட்டால் செய்துகொள்ள முடியுமா?

ஸ்பேனர்10:
முதலில் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் கடைகளில் அதே மாடலுக்குத் தேடுங்கள். கம்பெனி டப்பாவுக்கு ஈடு இல்லை.

செய்வதானால், 100 ஹெர்ட்ஸுக்குக் கணக்கு இது: டப்பா கொள்ளளவு 1.5 லிட்டர், கழுத்துக் குழாய் உள்விட்டம் 25 மி.மீ., நீளம் 8 செ.மீ. சூத்திரப்படி 10 செ.மீ. வரும், குழாயின் ரெண்டு முனைக்கும் வெளியே இருக்கிற காற்றும் கொஞ்சம் சேர்ந்து ஆடுவதால் 2 செ.மீ. கழிக்க வேண்டும். 10 செ.மீ. உள்விட்டமுள்ள தடித்த குழாயில் 19 செ.மீ. வெட்டி இரு பக்கமும் மூடினால் 1.5 லிட்டர். தண்ணீர் பாட்டிலை வைக்காதீர்கள், மெல்லிய சுவர் காற்றோடு சேர்ந்து ஆடி பலனைக் கெடுத்துவிடும். சாதாரண பி.வி.சி. சூட்டில் தளரும்; எக்ஸாஸ்ட் பக்கமிருந்து தள்ளி ஃபெண்டருக்குள் வையுங்கள்.

கழுத்தை முதலில் 10 செ.மீ. வைத்து மாட்டி ஓட்டிப் பாருங்கள். சத்தம் 3000க்கு மேலே மிஞ்சினால் அரை அரை செ.மீ.ஆகக் குறையுங்கள், குட்டையாக்கினால் ஹெர்ட்ஸ் ஏறும். இணைப்பில் காற்று கசியவே கூடாது. இடம் அதே ஓட்டைதான். ஸ்நார்கலின் வாய்ப்பக்கம் வைத்தால் அங்கே அழுத்த ஏற்ற இறக்கம் குறைவு, வேலை செய்யாது. ஃபில்டருக்கு முன்பக்கம் என்பதால் ஏதாவது உடைந்தாலும் என்ஜினுக்குள் போகாது.

கார்ப்கிளீனர்:
சத்தம் குறையட்டும் என்று ஸ்நார்கல் வாயைக் கீழே பார்க்கத் திருப்பிவிடாதீர்கள். மழைத் தண்ணீரில் போகும்போது ஒரு மடக்கு இழுத்தாலே பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.