ரோமாபுரி வரலாறு: சினிமாவை விட ஆவணத் தொடர்தான் அதிகம் ஏமாற்றுகிறதா?

செப்பேடு:
2016-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ரோமன் எம்பயர்' தொடரின் முதல் பருவம் பேரரசன் கொமோடஸைப் பற்றியது. நடிகர்கள் நடிக்கிறார்கள், நடுநடுவே பேராசிரியர்கள் வந்து விளக்குகிறார்கள், பின்னணியில் ஷான் பீனின் குரல். அதே கொமோடஸ்தான் 2000-ல் வந்த 'கிளாடியேட்டர்' படத்தின் வில்லன். இந்த இரண்டில் வரலாற்றுக்கு அதிகக் கெடுதல் செய்வது தொடர்தான் என்பது என் வாதம். சினிமாவுக்குப் போகிறவர் கதை பார்க்கத்தான் போகிறார். தொடரில் பேராசிரியர் பேசி முடித்த அடுத்த நொடியே, மூடிய அறைக்குள் கொமோடஸும் அவன் காதலி மார்சியாவும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. பார்க்கிறவர் மனதில் மட்டும் பேராசிரியர் சொன்னதும் வசனகர்த்தா எழுதியதும் ஒரே எடையோடு பதிந்துவிடுகிறது.

கரிசல்காடு:
கொஞ்சமும் ஒத்துக்கொள்ள முடியாது. அந்தப் படம் செய்ததைப் பாருங்கள். கொமோடஸின் அப்பாவான பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸ் ஆட்சியைச் செனட் என்ற ஆட்சிமன்றத்திடம் திருப்பிக் கொடுக்க நினைத்தார் என்கிறது படம். உண்மையில் அவர் கி.பி. 177-லேயே மகனை இணைப் பேரரசன் ஆக்கிவிட்டார். அவர் இறந்தது 180-ல். அதன் பிறகு கொமோடஸ் 12 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். படத்தில் எல்லாம் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. அக்கா லூசில்லா சதியில் சிக்கி, தம்பி உத்தரவால் கொல்லப்பட்டவள். படத்தில் தம்பி சாவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். கொமோடஸ் செத்தது 192 டிசம்பர் 31 அன்று, நார்சிஸஸ் என்ற மல்லனின் கையால் கழுத்து நெரிபட்டு. படத்தில் அரங்க மணலில் விழுகிறான். உலகம் முழுக்க எத்தனை கோடிப் பேருக்கு இதுதான் ரோம வரலாறு! தொடரிலாவது திருத்திச் சொல்ல ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருக்கிறார்.

திரைப்பித்தன்:
படத்துக்காக நான் பேசுகிறேன். மகன் அப்பாவைக் கொன்றான் என்பது ஹாலிவுட் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கொமோடஸ் காலத்தில் செனட்டராக இருந்த காசியஸ் டியோவே இந்தச் சந்தேகத்தை எழுதியிருக்கிறார்: மார்க்கஸ் நோயால் சாகவில்லை, கொமோடஸுக்கு நல்லது செய்ய நினைத்த வைத்தியர்கள்தான் காரணம், எனக்கே தெளிவாகச் சொன்னார்கள் என்கிறார். படம் அந்த வதந்தியை எடுத்து மகன் கையிலேயே கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

என் வருத்தம் வேறு. டியோ கண்ணால் கண்டு எழுதிய ஒரு காட்சி இருக்கிறது. கொமோடஸ் அரங்கில் ஒரு தீக்கோழியைக் கொன்று, ஒரு கையில் அதன் தலையும் மறுகையில் ரத்தம் சொட்டும் வாளுமாக செனட்டர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வருகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை, பல்லைக் காட்டித் தலையை மட்டும் ஆட்டுகிறான், உங்களுக்கும் இதே கதிதான் என்பது போல. டியோவுக்குப் பயத்தை மீறிச் சிரிப்பு வருகிறது. சிரித்தால் உயிர் போய்விடும். தலையில் சூடியிருந்த மாலையிலிருந்து லாரல் இலைகளைப் பறித்து மென்று சமாளிக்கிறார், பக்கத்தில் இருப்பவர்களையும் மெல்லச் சொல்கிறார். கொடுங்கோன்மையில் வாழ்வது எப்படி என்பதை இதை விட யார் எழுதிவிட முடியும்? படம் இதைத் தொடவே இல்லை.

செப்பேடு:
அருமையான இடத்தைத் தொட்டீர்கள். இப்போது அதே கொமோடஸின் கொலைக்கு வாருங்கள். டியோ கதையில் மார்சியா மாட்டிறைச்சியில் விஷம் வைக்கிறாள், அவன் வாந்தி எடுத்துப் பிழைத்துக்கொள்வான் போலிருக்கிறது, உடனே நார்சிஸஸை அனுப்புகிறார்கள். அதே காலத்து இன்னொரு வரலாற்றாசிரியரான ஹெரோடியன் கதையில் விஷம் மதுவில். அதற்கு முன் ஒரு சிறுவன் வருகிறான்: யாரையெல்லாம் கொல்ல வேண்டும் என்று கொமோடஸ் எழுதி வைத்த பலகையை விளையாட்டாக எடுத்துவருகிறான், மார்சியா வாங்கிப் பார்த்தால் அவள் பெயரே அதில் முதலில் இருக்கிறது.

இதே சிறுவனும் இதே பலகையும் வேறோர் இடத்திலும் வருகிறார்கள். கி.பி. 96-ல் நடந்த பேரரசன் டொமிஷியன் கொலையைச் சொல்லும்போது டியோ ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறார். அங்கே பலகையைப் பார்ப்பது மனைவி டொமிஷியா. ஆக, கொடுங்கோலன் கொல்லப்பட்டால் இப்படித்தான் கதை சொல்வது என்று ஒரு வார்ப்பு அன்று புழங்கியிருக்கிறது. ஒரு ஆவணப்படம் சொல்ல வேண்டிய சங்கதி இதுதான். நடிகர்களைக் கொண்டுவந்த உடனே இது செத்துப்போகிறது. நடிக்கும் காட்சிக்கு 'ஒருவேளை' என்று சொல்லத் தெரியாது. விஷம் இறைச்சியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோப்பையில் இருக்க வேண்டும்.

கரிசல்காடு:
ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் மட்டும் என்ன செய்தார்? பிரிட்டனின் வட கோடியில் ரோமப் படையை எதிர்த்து நின்ற கல்ககஸ் தன் ஆட்களிடம் பேசியதாக ஒரு முழு உரையை எழுதி வைத்திருக்கிறார். பாலைவனமாக்கிவிட்டு அதைச் சமாதானம் என்கிறார்கள் என்ற புகழ்பெற்ற வரி அங்கேதான் வருகிறது. அதை யார் கேட்டுக் குறித்துக் கொடுத்தது? டாசிடஸ் எழுதினால் வரலாறு, இன்றைய வசனகர்த்தா எழுதினால் மோசடியா?

செப்பேடு:
டாசிடஸைப் படித்தவர்களுக்கு அந்த மரபு தெரியும். தளபதி வாயில் உரையை வைப்பது எழுத்தாளன் வேலை என்று அறிந்துதான் படித்தார்கள். தொடரைப் பார்க்கும் இன்றைய ஆளிடம் அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை.

தாமரைக்குளம்:
பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் நான். நீங்கள் மூவருமே பேரரசனை விட்டு நகர மாட்டேன் என்கிறீர்கள். ரோம வரலாற்றுப் பேராசிரியர் மேரி பியர்ட் 2012-ல் பிபிசிக்காகச் செய்த தொடரைப் பாருங்கள். கல்லறைகளின் முன்னால் நின்று கல்வெட்டைப் படிக்கிறார், அந்த மனிதர் எழுந்து வந்துவிடுகிறார். ரோமில் போர்ட்டா மஜோரே வாசலுக்குப் பக்கத்தில் யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை இருக்கிறது. சுவர் முழுக்க வட்ட வட்டமான துளைகள், மேலே மாவரைப்பதில் தொடங்கி, பிசைந்து, சுட்டு, எடை போடுவது வரை வரிசையாகச் சிற்பங்கள். தொழிலில் அவருக்கு இருந்த பெருமை கல்லிலேயே தெரிகிறது. இதற்கு நடிகர் எதற்கு?

நாடகமாகத்தான் எடுப்பேன் என்றால் 2005-ல் தொடங்கிய 'ரோம்' தொடர் மாதிரி எடுங்கள். வொரேனஸ், புல்லோ என்ற இருவரும் சீசர் தன் காலியப் போர்க் (இன்றைய பிரான்ஸ் பகுதியில் நடந்த போர்) குறிப்புகளில் ஒரே ஒரு இடத்தில் சொல்லும் படைத்தலைவர்கள். யார் வீரன் என்று போட்டி போட்டு, எதிரிக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்கள். அதற்கு மேல் சீசர் ஒன்றும் சொல்லவில்லை. தொடர் அந்தப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் துணிச்சலாகக் கட்டியது, ஆவணம் என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒன்று கல்லைக் காட்டுங்கள், இல்லையென்றால் கதை சொல்லுங்கள்.

கரிசல்காடு:
டீச்சர், கல்லறையும் முழு உண்மை பேசாது. காசு இருந்தவன்தான் கல் நட்டான். அந்த ரொட்டிக்கடையில் மாவு பிசைந்த அடிமைக்கு ஏது கல்வெட்டு? ஆவணத்தை மட்டும்தான் காட்டுவோம் என்றால் அவன் திரையில் வரவே மாட்டான். நடிப்புதான் அவனுக்கு ஒரு முகம் கொடுக்கும்.

தாமரைக்குளம்:
யூரிசாசெஸின் கல்லறைச் சிற்பத்திலேயே வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்களே, பெயர்தான் இல்லை. அப்புறம் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஹெர்குலேனியம் நகரத்தில் ஒரு குடியிருப்புக்கு அடியில் இருந்த கழிவுக் குழியைத் தோண்டி நூற்றுக்கணக்கான மூட்டைகள் எடுத்திருக்கிறார்கள். மீன் முள், அத்தி விதை, முட்டை ஓடு, கடல் முள்ளெலியின் முள். மேலே கடையிலும் சின்ன வீடுகளிலும் இருந்தவர்கள் தினமும் சாப்பிட்டதெல்லாம் அதில் இருக்கிறது. என் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் கேள்வி நிற்கவே நிற்காது.

திரைப்பித்தன்:
ஒரு யோசனை. நடிக்கட்டும், ஆனால் காட்சி வரும்போது திரையின் ஓரத்தில் 'டியோ சொன்னது', 'ஹெரோடியன் சொன்னது', 'எங்கள் கற்பனை' என்று போடட்டும். கொலையை இரண்டு விதமாகவும் எடுக்கட்டும். ஜப்பானில் இயக்குநர் குரோசவா 'ரஷோமோன்' படத்தில் ஒரே கொலையை நாலு வாய் வழியாகக் காட்டி 1950-லேயே ஜெயித்துவிட்டார். பார்வையாளருக்குப் புரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

கரிசல்காடு:
பெயர் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நடிப்பையே எடுத்துவிடு என்றால் மட்டும் சண்டைக்கு வருவேன். அந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்த பிறகுதான் என் தம்பி டியோவைத் தேடிப் பிடித்துப் படித்தான்.

செப்பேடு:
சரி, தம்பிக்கு ஹெரோடியனையும் கொடுங்கள். முதல் நூல் முழுக்கக் கொமோடஸ் ஆட்சிதான், கொலை அதன் கடைசியில் வருகிறது. இரண்டையும் படித்த பிறகு தொடரை இன்னொரு முறை பார்த்து, எது எங்கிருந்து வந்தது என்று அவரே இங்கே எழுதட்டும். உங்கள் வாதத்தை அதை வைத்தே பேசுவோம்.